கடை வைத்துப் படம் எடுத்தவருக்கும் பாடத்தில் ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் காட்சித் தொடர்பியல் துறைகளில் ஒளிப்பட வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஸ்டுடியோக்காரி. பாஸ்போர்ட் சைஸிலிருந்து கல்யாண ஆல்பம் வரை எடுத்துப் பிழைப்பவள். உங்கள் விஸ்காம் பிள்ளைகள் வருஷா வருஷம் என்னிடம் இன்டர்ன்ஷிப்புக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். லைட் பிடிக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் பிடிப்பார்கள். கேமரா மெனு என்னைவிட அவர்களுக்குத்தான் அத்துப்படி. ஆனால் வரலாறு என்று பேச்செடுத்தால் எல்லாரும் ஒரே வரிசையைத்தான் ஒப்பிக்கிறார்கள்: நீப்ஸ், டாகர், கார்ட்டியே பிரெசோன், ஆன்சல் ஆடம்ஸ். பெண்கள் யாராவது உண்டா என்றால் டோரத்தியா லாங்கே, கொஞ்சம் யோசித்தால் டயான் ஆர்பஸ். ஒரு கடையைத் திறந்து, உள்ளே வந்தவரை உட்காரவைத்துப் படம் எடுத்து, காசு வாங்கி, அந்தக் காசில் வாடகை கட்டியவர் என்று சொல்லி ஒருவரைக்கூட அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. லாங்கேகூட முதலில் உருவப்பட ஸ்டுடியோ நடத்தியவர்தான், அதை யாரும் ஒப்பிப்பதில்லை. படிப்பு முடிந்ததும் இவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்யப்போவது அந்த வேலையைத்தான்.

அதனால் ஒரு கோரிக்கை. மேடம் யெவோண்ட் என்ற லண்டன் ஸ்டுடியோக்காரியைப் பாடத்தில் சேருங்கள். சாதனைப் பெண்கள் என்று ஒரே ஸ்லைடில் ஒட்டும் பத்து முகங்களோடு பதினோராவது முகமாகச் சேர்த்துவிட்டால் பிரயோஜனமில்லை. கடையின் வரவு செலவு, வண்ணப் படத்தின் வேதியியல், யாருக்காகப் படம் எடுத்தார் என்ற சங்கடம் எல்லாவற்றோடும் சேர்த்து இரண்டு வகுப்பாவது நடத்த வேண்டும்.

முதலில் அவருக்கு முன்னால் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். லண்டனில் 1891-ல், ஓவியரான அப்பாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே கோவர் தெருவில் ஸ்டுடியோ போட்டவர் ஆலிஸ் ஹியூஸ். ராஜ குடும்பத்துப் பெண்களும் சீமாட்டிகளும் அவர்களுடைய குழந்தைகளும்தான் வாடிக்கை. வயது வந்த ஆண்களை எடுப்பதில்லை என்பது கடை விதி. உச்சத்தில் இருந்தபோது 60 பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள், ஒரு நாளைக்கு 15 சிட்டிங் (உட்காரவைத்துப் படம் எடுப்பது) வரை நடந்தது என்கிறார்கள். அந்தக் காலத்துக் கடை ஒன்றில் அத்தனை பேருக்கு என்ன வேலை? பிரிண்ட் போட, அட்டையில் ஒட்ட, பிரிண்டில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளை அடைக்க, நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்து மோவாயின் கீழ் மடிப்பைக் கரைக்க ஆள் வேண்டும். ஃபோட்டோஷாப் வந்துதான் முகங்கள் பொய்யாகிவிட்டன என்று வகுப்பில் வருத்தப்படுபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

நம் நாட்டிலும் ஏறக்குறைய அதே நேரத்தில் இதற்கு ஒரு ஜோடி உண்டு. ஐதராபாத்தில் லாலா தீன் தயாள் என்ற ஒளிப்படக்காரர் 1892-ல் பர்தா முறையில் இருந்த பெண்களுக்கென்றே தனி ஸ்டுடியோ திறந்து, அதை நடத்தும் பொறுப்பைத் திருமதி கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்ணிடம் கொடுத்தார். உயர்குடிப் பெண்களை உட்காரவைத்துப் படம் எடுக்கும் தொழிலில் பெண்கள் நுழைந்தது கலைத்தாகம் என்ற ஒரே காரணத்தால் அல்ல. வாடிக்கைக்காரர்களே அதைக் கேட்டார்கள், சந்தை இருந்தது.

இனி யெவோண்ட். முழுப்பெயர் யெவோண்ட் ஃபிலோன் கம்பர்ஸ். 1893-ல் தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் பிறந்தார். அப்பா அச்சு மை தயாரிக்கும் கம்பெனியில் இயக்குநர். (வண்ணம் அவர் ரத்தத்திலேயே இருந்தது என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கு வரவில்லை.) பதின்ம வயதிலேயே பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் சேர்ந்தார். ஜெயிலுக்குப் போய் உண்ணாவிரதம் இருக்கும் அளவுக்குத் தன்னால் முடியாது, ஆனால் சொந்தக் காலில் நிற்க ஒரு தொழில் வேண்டும் என்ற கணக்கோடு, அன்று மேஃபேர் பகுதியில் கொடிகட்டிப் பறந்த லல்லி சார்ல்ஸ் என்ற பெண்ணின் ஸ்டுடியோவில் 1911-ல் தொழில் கற்கச் சேர்ந்தார். வெளிர் உடை, ரோஜாப்பூ, ஜன்னலோர மென்வெளிச்சம்: லல்லியின் படங்கள் எல்லாம் அந்த அச்சுதான். மூன்று வருஷத்தில் எடுபிடி வேலை, பிரிண்ட், டச்சிங் எல்லாம் கைவந்தன. ஆனால் கேமராவைத் தொட வாய்ப்பு மிகக் குறைவு. அதைவிட முக்கியமான ஒன்றையும் அங்கே பார்த்திருப்பார்: பாணி மாறியதும் லல்லியின் வாடிக்கை கரைய ஆரம்பித்தது. ஒரே மாதிரி எடுத்தால் கடை என்ன ஆகும் என்பதற்கு அவருக்கு அதைவிடப் பெரிய பாடம் தேவைப்பட்டிருக்காது.

1914-ல், 21 வயதில், அப்பா கொடுத்த 250 பவுண்டை வைத்து விக்டோரியா தெருவில் சொந்தமாகக் கடை திறந்தார். பெயர் தெரியாத சின்னப் பெண்ணிடம் சீமாட்டிகள் எப்படி வருவார்கள்? இங்கேதான் உங்கள் மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் இருக்கிறது. பிரபலங்களுக்குக் கடிதம் போட்டு, வந்து உட்காருங்கள், காசு வேண்டாம் என்று அழைத்தார். தர்ம காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். டாட்லர், ஸ்கெட்ச் போன்ற வாரப் பத்திரிகைகளுக்கு உயர்குடி முகங்கள் ஓயாமல் தேவைப்பட்டன. 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கு. ஓசியில் எடுத்தால்? உரிமை எடுத்தவரிடமே தங்கும். சீமாட்டியிடம் வாங்காத காசைப் பத்திரிகையிடம் வாங்கலாம். படத்தின் கீழே கடையின் பெயரும் அச்சாகும். அதைப் பார்த்து அடுத்த சீமாட்டி காசோடு வருவாள்.

இந்தச் சட்டம் லண்டன் விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. அதே விதி நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவில் இன்றைக்கும் உட்கார்ந்திருக்கிறது. கல்யாண வீட்டுக்காரர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் அவர்தான். என்னிடம் வரும் பிள்ளைகள் யாருக்கும் இது தெரிவதில்லை. நான் எடுத்த படம், என் இன்ஸ்டாகிராமில் போடுவேன், யார் கேட்பது என்கிறார்கள். கேட்பார்கள், கேட்டிருக்கிறார்கள். யெவோண்டைப் பாடமாக வைத்தால் இந்தச் சட்டத்தைத் தனியாக நடத்த வேண்டியதில்லை. அவர் கடை திறந்த கதையிலேயே வந்துவிடும்.

முதல் உலகப் போர் காலத்தில் கொஞ்ச நாள் வயல் வேலைக்குப் போனார். திரும்பி வந்து கடையைப் பெரிதாக்கினார். 1920-ல் பத்திரிகையாளரும் நாடகாசிரியருமான எட்கர் மிடில்டனை மணந்துகொண்டார். கடைப் பெயர் மேடம் யெவோண்ட் என்றே இருந்தது. 1921-ல் தொழில்முறை ஒளிப்படக்காரர்கள் சங்கக் கூட்டத்தில், உருவப்படத் தொழிலைப் பெண்ணின் பார்வையில் வைத்து உரையாற்றினார். அங்கே பேசிய முதல் பெண் அவர்தான். இதெல்லாம் ஸ்லைடில் ஒரு வரியாக வந்துபோனால் போதும்.

நின்று நிதானமாக நடத்த வேண்டிய இடம் 1930-களின் வண்ணம். அன்றைக்கு ஸ்டுடியோவில் வண்ணப்படம் என்றால் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பிரிண்டின் மேல் பிரஷ்ஷால் கன்னத்துக்கு ரோஸ் தடவுவது. நம்மூர் ஸ்டுடியோக்களில் தாத்தா பாட்டி படங்களில் பார்த்திருப்பீர்களே, அதுதான். மதிப்பான ஒளிப்படக்காரர்கள் நிஜ வண்ணத்தைக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். யெவோண்ட் நேர் எதிர்ப்பக்கம் நின்றார். வண்ணம் என்றால் கொண்டாட்டமாக இருக்க வேண்டும், கை வண்ணம் பூசிய சோகை எல்லாம் வேண்டாம் என்று மேடையிலேயே பேசினார். வில்லெஸ்டனில் இருந்த கலர் ஃபோட்டோகிராஃபி லிமிடெட் என்ற கம்பெனியில் டி.ஏ. ஸ்பென்சர் உருவாக்கிய விவெக்ஸ் முறையை எடுத்துக்கொண்டார்.

விவெக்ஸ் எப்படி வேலை செய்தது? கேமராவின் பின்பக்கத்தில் மூன்று கண்ணாடித் தகடுகள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஃபில்டர் வழியாக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று எக்ஸ்போஷர். கிடைப்பது மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ். அதிலிருந்து மயில்நீலம், மஜந்தா, மஞ்சள் என்று மூன்று நிறப் படலங்கள் தயாரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக, மயிரிழை பிசகாமல் தாளில் ஒட்ட வேண்டும். ஒட்டுவது கம்பெனியின் லேப்பில் ஆட்கள் கையால் செய்த வேலை. மூன்று எக்ஸ்போஷர் முடிவதற்குள் உட்கார்ந்திருப்பவர் கண் சிமிட்டினால் தீர்ந்தது: இமையோரம் ஒரு பச்சைக் கோடு, ஒரு சிவப்புக் கோடு. பிறகு கண்ணாடிகளால் ஒளியைப் பிரித்து மூன்று தகட்டிலும் ஒரே சமயத்தில் பதியும் கேமரா வந்தது. 1937-ல் அந்தக் கேமராவோடு தன்னையே ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

1932-ல் ஆல்பனி கேலரியில் கண்காட்சி வைத்தார். பாதி கறுப்பு வெள்ளை, பாதி வண்ணம். மறு வருஷம் கடையைப் பெர்க்லி சதுக்கத்துக்கு மாற்றினார். 1935 மார்ச் 5-ஆம் தேதி கிளாரிட்ஜஸ் ஓட்டலில் நன்கொடை திரட்ட ஒரு மாறுவேட நடனம் நடந்தது. சீமாட்டிகள் கிரேக்க, ரோமானியத் தெய்வங்களாக வந்தார்கள். அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு யெவோண்ட் தன் ஸ்டுடியோவில் எடுத்த வரிசைதான் தேவியர் படங்கள். ஜூலையில் அவற்றைக் கடையிலேயே காட்சிக்கு வைத்தார்.

அதில் ஒன்றை மட்டும் வகுப்பில் பெரிதாகப் போட்டுக் காட்டுங்கள். திருமதி எட்வர்ட் மேயர், கிரேக்கக் கதைகளில் பாம்பே கூந்தலான மெடூசாவாக. கழுத்தையும் தலையையும் சுற்றிப் பாம்புகள், எல்லாம் ரப்பர். முகம் சுண்ணாம்பு வெள்ளை, உதடு ஊதாவை நோக்கிக் கறுத்திருக்கிறது, பின்னணி சில்லிட்ட நீலம். கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. அந்த நீலம் பாதி சுவரிலும் பாதி விளக்கிலும் இருக்கிறது. யெவோண்ட் விளக்குகளுக்கு முன்னால் நிறச் செல்லோபேன் கட்டுவார், லென்ஸுக்கு முன்னாலும் வைப்பார். நம்மூரில் நாடகக் கொட்டகையிலும் கல்யாண மேடையிலும் செய்யும் அதே வேலை. சரியான நிறம் வர வேண்டும் என்று கம்பெனி மூன்று தகட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், இவர் வேண்டுமென்றே தப்பான நிறத்தை உள்ளே அனுப்பினார்.

ரோமானியரின் அறிவுத் தெய்வம் மினர்வாவாக உட்கார்ந்த திருமதி மைக்கேல் பால்கனுக்கு ஹெல்மெட், ஆந்தை, கையில் ரிவால்வர். கிரேக்கக் கதையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நயோபியாக அழ வேண்டிய லேடி கேம்பெல்லுக்குக் கண்ணீருக்குக் கிளிசரின். அது கண்ணில் இறங்கி எரிச்சலில் நிஜமாகவே அழவைத்ததாம். கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

தலைப்புகளையும் கவனிக்கச் சொல்லுங்கள். திருமதி மேயர், திருமதி பால்கன், திருமதி பிரையன் கின்னஸ்: தெய்வமாக உட்கார்ந்த இத்தனை பேரும் புருஷன் பெயரில்தான் அறியப்படுகிறார்கள். கேமராவுக்குப் பின்னால் நின்றவர் ஒருவர்தான் தன் முதல் பெயரில் கடை நடத்தினார்.

சங்கடம் என்று மேலே சொன்னேனே, அதற்கு வருகிறேன். பிரிட்டனில் லட்சக்கணக்கானோர் வேலையில்லாமல் நின்ற வருஷங்கள் இவை. யெவோண்டின் மெடூசாவுக்கும் மினர்வாவுக்கும் அது தெரியாது, படத்திலும் தெரியாது. அந்தத் திருமதி கின்னஸ், வீனஸாக உட்கார்ந்தவர், டயானா மிட்ஃபர்ட். 1936-ல் பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் ஆஸ்வால்ட் மோஸ்லியை பெர்லினில், நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் வீட்டில், ஹிட்லர் முன்னிலையில் கல்யாணம் செய்துகொண்டவர். படம் அழகாக இருக்கிறது. இதை மறைத்துவிட்டு நடத்தாதீர்கள். யெவோண்டைப் பெண்ணியத் திருவுருவாக்குவது இப்போது ஒரு வழக்கம். வாக்குரிமைப் போராட்டத்தில் இருந்தார் என்பது உண்மை, அதற்காகத் தேவியர் படங்கள் எல்லாம் ஆணாதிக்கத்தின் மேல் வீசிய கல் என்று சொல்வது எனக்கு ஒட்டவில்லை. பணக்காரப் பெண்கள் ஒரு நாள் வேஷம் கட்டினார்கள், புத்திசாலியான ஒருத்தி அந்த வேஷத்துக்குள் கொஞ்சம் கிண்டலையும் கொஞ்சம் விஷத்தையும் கலந்தாள், காசும் வாங்கினாள். எனக்கு அதுவே போதும். கூலிக்கு எடுக்கும் படத்திலும் எடுப்பவரின் புத்தி நுழைய எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிவதுதான் என் கடைக்கு வரும் பிள்ளைகளுக்குத் தேவை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா சொன்னபடிதான் எல்லாம் நடக்கும் என்று அவர்கள் முதல் வாரத்திலேயே தோள் தொங்கிப்போகிறார்கள்.

அதன் பிறகு வேகமாகப் போய்விடலாம். அமெரிக்காவின் ஃபார்ச்சூன் பத்திரிகைக்காகக் குயின் மேரி கப்பலின் உள்வேலைகளை வண்ணத்தில் எடுத்தார். 1937-ல் ஆறாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவுக்கு, சிவப்பு வெல்வெட் அங்கியில் பிரபுக்களும் சீமாட்டிகளும் வந்து உட்கார்ந்தார்கள். கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பவர்கள் அந்தச் சிவப்பை எடுக்க முடியாமல் நின்றபோது இவர் கடையில் கூட்டம். அதே விழாவுக்கு அரண்மனையின் அதிகாரபூர்வ ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டவரும் ஒரு ஸ்டுடியோக்காரிதான்: டோரத்தி வைல்டிங். யெவோண்ட் பிறந்த அதே 1893-ல் பிறந்தவர். 1952-ல் அவர் எடுத்த எலிசபெத் ராணியின் படம் 1967 வரை பிரிட்டிஷ் தபால்தலைகளில் ஓடியது. பழைய தபால்தலை சேர்ப்பவர் வீட்டில் யாராவது இருந்தால், உங்கள் மாணவர் அவர் படத்தைக் கையில் தொட்டிருப்பார், பெயர்தான் தெரியாது.

1939 யெவோண்டை இரண்டு பக்கமும் அடித்தது. ஏப்ரலில் கணவர் இறந்தார். செப்டம்பரில் போர், விவெக்ஸ் லேப் மூடிவிட்டது. அந்த வருஷம் அவர் எடுத்த ஒரு படம்: வெள்ளைச் சீசர் சிலை ஒன்று, முகத்தில் விஷவாயு முகமூடி, பக்கத்தில் சிவப்பு ஜெரேனியம் பூ. லேப் இல்லாமல் அந்தச் சிவப்பு கிடையாது. போருக்குப் பின் விவெக்ஸ் திரும்பவே இல்லை. வண்ணத்துக்காகச் சண்டை போட்டவர் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பினார். இதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். கோனிகா காணாமல் போனபோதும், கோடக் திவாலானபோதும், டிஜிட்டல் வந்து நெகட்டிவ் கழுவும் லேப்கள் ஊர் ஊராக மூடியபோதும் நாங்கள் பட்டது இதுதான். அடுத்தவன் தொழிற்சாலையில் நிற்கும் கலை, அந்தத் தொழிற்சாலை மூடும் நாளில் என்ன ஆகும்? செயலி நிறுவனங்களை நம்பிப் பிழைக்கப்போகும் தலைமுறைக்கு இந்தக் கேள்வி தேவை.

யெவோண்ட் கடையை மூடவில்லை. சோலரைசேஷன் (கழுவும்போதே வெளிச்சம் காட்டி, கறுப்பு வெள்ளையை ஓரளவு தலைகீழாக்குவது) என்று இருட்டறையில் புதிதாகச் சோதனை செய்தார். 1968-ல், பெண்கள் வாக்குரிமையின் 50-வது ஆண்டை ஒட்டி, சாதித்த பெண்களின் உருவப்படங்களைக் காட்சிக்கு வைத்தார். 1975 டிசம்பரில், 83-ஐத் தொட ஒரு மாதம்கூட இல்லாதபோது, இறந்தார்.

அவருடைய வண்ண நெகட்டிவ்களை லண்டன் தேசிய உருவப்படக் கூடம் 2021-ல் வாங்கியது; 2023-ல் கூடம் புதுப்பித்துத் திறந்தபோது அவருக்குப் பெரிய கண்காட்சி வைத்தார்கள். அந்தப் படங்களை இன்றைக்கும் புதிதாக அச்சிட முடிகிறது. காரணம் எளிது: மூன்று தகடும் வெள்ளி உப்பில் பதிந்த கறுப்பு வெள்ளை. சாயம் இருந்தால்தானே வெளுக்கும்? எங்கள் கடையில் 1980-களில் எடுத்த கலர் நெகட்டிவ்கள் செம்மஞ்சளாகிக் கிடக்கின்றன. அதற்கு ஐம்பது வருஷம் மூத்த மெடூசாவின் நீலத்தைத் திரும்ப அச்சில் கொண்டுவர முடிகிறது.

கடைசியாக ஒரு செய்முறை. பாடத்திட்டத்தை மாற்ற பாடத்திட்டக் குழு கூட வேண்டும், நாளாகும் என்பீர்கள். இதற்கு யாரும் கூட வேண்டாம். கேமராவை டிரைபாடில் வையுங்கள், கறுப்பு வெள்ளை மோடில் போடுங்கள். சிவப்பு, பச்சை, நீல ஜெல் தாள்களை ஒவ்வொன்றாக லென்ஸ் முன் பிடித்து மூன்று படம். ஃபோட்டோஷாப்பில் அந்த மூன்றையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறச் சேனலில் போட்டால் வண்ணப்படம் தயார். முதலில் ஒரு தட்டு பழம் வைத்து எடுக்கட்டும். அடுத்து ஒருவரை உட்காரவைத்து எடுக்கட்டும். யார் சிமிட்டினார், யார் மூச்சு விட்டார் என்பது அங்கங்கே நிறக்கோடாகத் தெரிந்துவிடும். கடைத்தெருவில் விற்கும் கலர் பேப்பர் வேண்டாம், அதில் எல்லா நிறமும் கசியும். லைட்டுக்குப் போடும் ஜெல் வாங்குங்கள்.

இடம் இல்லை என்றால் என் ஸ்டுடியோவுக்கு அனுப்புங்கள். ஜெல், லைட், ரப்பர்ப் பாம்பு எல்லாம் நான் ஏற்பாடு செய்கிறேன். ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் கொள்ளாது. தை, வைகாசி, ஆவணி மட்டும் வேண்டாம், முகூர்த்த மாதங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரி